உயர்மலையில் வண்டி வராத ரோடுகளில் சைக்கிள் பயணம்: முதல் முறை போகிறவர்களுக்கு

மலைக்குச் சைக்கிளில் போகப் போகிறேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்பதுதான். சமதளத்தில் நீண்ட தூரம் ஓட்டிப் பழகியவர்களுக்கு அதுதான் தோன்றும், நானும் அப்படித்தான் கேட்டேன். 3000 மீட்டருக்கு மேலே அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. நேற்று எந்த உயரத்தில் தூங்கினேன், இன்று ராத்திரி எந்த உயரத்தில் தூங்கப் போகிறேன், இந்த இரண்டு எண்கள்தான் அங்கே கணக்கு. பாதை, சாமான், சாப்பாடு, நாள் எண்ணிக்கை எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள வேண்டும்.

பையும் கூடாரமும் கட்டிக்கொண்டு, வண்டிச் சத்தம் அதிகம் இல்லாத மலைப் பாதைகளில் சில நாட்கள் மெதுவாகப் போய்வர நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேகம், நேரம் பார்த்து ஓட்டுபவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதல் வேலை: தூங்கும் உயரம்

மேலே போனால் ஆக்ஸிஜன் குறைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வோம். உண்மையில் காற்றில் அதன் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். 3500 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 5500 மீட்டரில் பாதி. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறைவு. 1500 மீட்டரைத் தாண்டியபின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் உழைக்கும் திறன் சுமார் 1 சதவீதம் போகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 4000 மீட்டரில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எவ்வளவு பயிற்சி எடுத்திருந்தாலும் இதில் சலுகை கிடையாது. நல்ல உடல்வாகு உள்ளவர்கள் முதல் நாளே வேகமாக ஏறிவிட்டு அன்று ராத்திரியே படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மலை மருத்துவத்தில் இதற்கென்று ஒரு விதி சொல்கிறார்கள். 3000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை உயரத்தைக் கூட்டாமல் அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் இதைவிட உயரமாக ஏறி இறங்குவது பரவாயில்லை, அது உடம்பைப் பழக்கவும் செய்யும்.

இந்த விதி சைக்கிள்காரர்களுக்கு ஒரு விதத்தில் நன்றாகப் பொருந்தும், இன்னொரு விதத்தில் இடிக்கும். ஆழமான ஒரு பள்ளத்தாக்கிலிருந்து ஏறிக் கணவாயைக் கடந்து அடுத்த பள்ளத்தாக்கில் இறங்குகிற பாதை என்றால் கவலை இல்லை. பகலில் 4200 மீட்டரைத் தொட்டுவிட்டு மாலையில் 3200இல் கூடாரம் போட்டுவிடலாம். பீடபூமிதான் சிக்கல். தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலையின் கிழக்குப் பகுதியையோ பொலிவியாவின் மேட்டுச் சமவெளியையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏறி வந்துவிட்டால் நாள் கணக்கில் 3600, 3800, 4000 என்றே போய்க்கொண்டிருக்கும். உடம்பு சரியில்லை, 800 மீட்டர் கீழே போக வேண்டும் என்றால், அந்தக் 'கீழே' இரண்டு நாள் தள்ளி இருக்கும். படங்களில் பார்த்தால் அந்த மாதிரி வெட்டவெளிதான் மனதை இழுக்கும், தெரியும். ஆனாலும் முதல் பயணத்துக்குக் கணவாய் வழிதான், பீடபூமி வேண்டாம்.

தலைவலியோடு குமட்டல், அசதி, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்து வந்தால், வேறு காரணம் தெரியும்வரை அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன், வெயில் பட்டிருக்கும் என்றெல்லாம் மனம் சமாதானம் சொல்லும். என் முதல் பயணத்தில் 1900 மீட்டரிலிருந்து 3600க்கு ஒரே நாளில், பாதி வழி ஒரு லாரியில் ஏறிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ராத்திரி முழுக்கத் தலை பிளந்தது, தண்ணீர் பற்றாக்குறைதான் என்று நினைத்துக் குடித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் 700 மீட்டர் இறங்கினேன். சாயங்காலம் பசி வந்தது, அப்போதுதான் விஷயம் புரிந்தது.

லேசாக இருந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்கலாம், கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, ஈர இருமல் வருகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் தொட்டபடி நடக்க முடியவில்லை, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிலையில் இருப்பவரைச் சைக்கிளில் ஏற்றி இறக்கத்தில் விடுவதும் ஆபத்து. நேராக நடக்க முடியாதவரால் கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்துத் திரும்ப முடியாது. கைத்தாங்கலாக நடத்தியோ ஏதாவது வண்டி பிடித்தோதான் இறக்க வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டைத் தேடிப் போகிறோம், அதனால் அந்த வண்டியும் கிடைக்காமல் போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் பயணத்தில் தனியாகப் போக வேண்டாம் என்பேன்.

உயர நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசிட்டசோலமைடு என்ற மாத்திரை பற்றிப் போவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள், சிலருக்கு அது ஒத்துவராது. அதைச் சாப்பிட்டால் விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும். ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துவிட்டது என்று நினைத்து, நாள் முழுக்கக் கைப்பிடியை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அமைதியான ரோட்டைக் கண்டுபிடிப்பது

வண்டி வராத ரோடு அதிர்ஷ்டத்தில் அமைவதில்லை. வரைபடத்தை விரித்துவைத்து, 'வண்டிக்காரன் ஏன் இந்த வழியாக வரமாட்டான்?' என்று ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக் கேளுங்கள். பதில் கிடைத்தால் அந்த ரோடு அமைதியாக இருக்கும். பதில் கிடைக்காவிட்டால் மெல்லிசாகத் தெரிகிற கோட்டிலும் லாரி வரும்.

மிக நல்ல பதில், பக்கத்திலேயே சுரங்கப்பாதை வந்துவிட்டது என்பது. சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் கணவாயில் 1980இல் வாகனச் சுரங்கம் திறந்தார்கள். அதனால் தெற்குச் சரிவில் கல் பதித்த பழைய டிரெமோலா ரோடு, அடுக்கடுக்கான வளைவுகளோடு, சைக்கிள்காரர்களுக்கே விட்டது போல ஆகிவிட்டது. இமாசலத்தில் 2020இல் அடல் சுரங்கம் வந்தபின் சுமார் 3980 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயைக் கடந்தே தீர வேண்டிய கட்டாயம் வண்டிகளுக்கு இல்லை. மணாலிப் பக்கம் சுற்றுலா வண்டிகள் இன்னும் ஏறுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சுரங்கம் இல்லாமல் புதிய ரோடு போட்டாலும் இதே கதைதான். பொலிவியாவின் பழைய யுங்காஸ் ரோடு ஒரு காலத்தில் உயிர்ப்பலிக்குப் பேர் போனது, மாற்று ரோடு வந்தபின் அதில் பெரும்பாலும் சைக்கிள்தான்.

இன்னொன்று ஆற்றின் எதிர்க்கரை. பள்ளத்தாக்கில் ஒரு கரையில் நெடுஞ்சாலை போனால் எதிர்க்கரையில் சின்ன ஊர்களை இணைக்கும் பழைய ரோடு பல இடங்களில் இருக்கும். வளைந்து நெளிந்து ஏறி இறங்கும், தூரம் ஒன்றரை மடங்கு ஆகும், ஆனால் காதில் ஆற்றுச் சத்தம் மட்டும்தான். அணைக்கும் கால்வாய்க்கும் போகும் பராமரிப்பு ரோடுகளும் நல்லவை, சரிவு சீராக இருக்கும். சுரங்கத் தொழில் நடக்கும் மலையில் மட்டும் கவனம். கைவிட்ட சுரங்கத்தின் ரோடு சொர்க்கம், வேலை நடக்கும் சுரங்கத்தின் ரோட்டில் புழுதியும் கனரக லாரியும்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. இரண்டு பக்கமிருந்தும் வரும் முட்டுச்சந்து ரோடுகள், நடுவில் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு வெறும் ஆட்டுப்பாதை. வண்டி கடக்கவே முடியாது, சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் கடந்துவிடலாம். வரைபடத்தில் பார்க்கும்போது மூன்று கிலோமீட்டர்தானே என்று தோன்றும். சாமானோடு ஏற்றத்தில் தள்ளினால் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிது, அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம் சரிபார்ப்பு. எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான வரைபடத்தில் மண்ரோடுகளின் தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை குறித்திருக்கும், ஒன்று கெட்டியான தளம், ஐந்து என்றால் புல்லும் சேறும். அதைச் சாட்டிலைட் படத்தோடு வைத்துப் பாருங்கள், முக்கியமாகப் பாலங்களை. ஏற்றத்தைக் காட்டும் வரைகோட்டை அப்படியே நம்பாதீர்கள். குறுகிய பள்ளத்தாக்கில் ரோடு ஒரு இடத்தில் இருக்க, உயரக் கணக்கு பக்கத்துப் பாறை முகட்டிலிருந்து எடுக்கப்பட்டு, இல்லாத ஏற்றமெல்லாம் காட்டும். பலகையில் எழுதியிருக்கும் உயரத்துக்கும் அதே எச்சரிக்கை. லடாக்கின் கர்துங் லா கணவாயில் வெகு காலம் 5602 மீட்டர் என்று பலகை இருந்தது, அளந்து பார்த்தால் 5359தான். மற்ற சைக்கிள்காரர்கள் போன தடங்களைக் காட்டும் வரைபடத்தில் ஒரு ரோட்டில் ஒரு தடமும் இல்லையென்றால் உடனே குதூகலிக்க வேண்டாம். பாலம் போயிருக்கலாம், வேலி போட்டிருக்கலாம், எல்லைப் பகுதி என்று அனுமதி மறுப்பார்களாக இருக்கலாம்.

கடைசிச் சரிபார்ப்பு ஆட்களிடம். 'இந்த ரோடு போகுமா?' என்று கேட்டால் உலகத்தில் எந்த ஊரிலும் போகும் என்றுதான் சொல்வார்கள், வந்தவரை ஏமாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. 'அந்தப் பக்கமிருந்து கடைசியாக எப்போது ஆள் வந்தார்கள், எதில் வந்தார்கள்?' என்று கேளுங்கள். போன மாதம், குதிரையில் என்று பதில் வந்தால் உங்களுக்குத் தேவையானது தெரிந்துவிட்டது.

எந்தப் பக்கம் ஏறுவது, எப்போது கடப்பது

மலையில் காற்றுக்கு ஒரு அன்றாட ஒழுங்கு உண்டு. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகிப் பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலாக வீசும், பிற்பகலில் அதுதான் பலமாக இருக்கும். ராத்திரி குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே வடியும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் ஏறினால் காற்று முதுகைத் தள்ளும். அதே நேரத்தில் இறங்கினால் இறக்கத்திலும் பெடல் மிதிக்க வேண்டிய கொடுமை நடக்கும். ஆனால் இடி மின்னலும் கணவாயில் பிற்பகலில்தான் கூடும்.

இரண்டுக்கும் ஒரே தீர்வுதான். பிற்பகல் காற்றோடு பள்ளத்தாக்கில் ஏறிக் கணவாய்க்கு 600, 800 மீட்டர் கீழே நீரோடை பார்த்து முகாம் போடுங்கள், அந்த இடம் 500 மீட்டர் விதிக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு. மறுநாள் விடிந்ததும் கிளம்பிக் காலை பத்து, பதினொரு மணிக்குள் கணவாயைக் கடந்துவிடுங்கள். எதிர்க்காற்று எழுவதற்குள் இறக்கத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். பனியாற்றிலிருந்து வரும் ஓடைகளும் காலையில்தான் அடங்கி இருக்கும், மாலையில் உருகிய நீர் சேர்ந்து முழங்கால் ஆழம் இடுப்பளவாகிவிடும். மாலையில் ஒரு ஓடையைக் கடக்கப் பயமாக இருந்தால் இந்தக் கரையிலேயே கூடாரம் போட்டுத் தூங்கிவிட்டுக் காலையில் பாருங்கள்.

ஏறும் பக்கம் எது என்பதில் ஆளுக்கொரு கருத்து. என் விருப்பம், நல்ல ரோட்டில் ஏறி மோசமான ரோட்டில் இறங்குவது. மோசமான ரோட்டில் ஏறினால் தள்ளத்தான் வேண்டும், இறங்கினால் மெதுவாகவாவது உட்கார்ந்து போகலாம்.

நேரக் கணக்கைக் கிலோமீட்டரில் போடாமல் ஏற்றத்தில் போடுங்கள். சாமானோடு 3000க்குக் கீழே மணிக்கு 300 மீட்டர், அதற்கு மேலே 200 என்று வைத்தால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள். முதல் பயணத்தில் ஒரு நாளில் மொத்த ஏற்றம் 1000 மீட்டரைத் தாண்ட வேண்டாம். 25 கிலோமீட்டரில் ஒரு நாள் முடிந்துவிடும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சைக்கிள்

கியர்தான் முக்கியம், மற்றதில் சமாளிக்கலாம். முன் பல்சக்கரத்தில் 26 பல், பின் பல்சக்கரத்தில் 36 பல் என்று இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது மணிக்கு 5.7 கிலோமீட்டர் வேகம் வரும். 8 சதவீத ஏற்றத்தில், 4000 மீட்டரில், சாமானோடு உங்களால் முடிகிற வேகமும் ஏறக்குறைய அதுதான், அதற்கும் குறைவாகவே இருக்கலாம். ரோடு சைக்கிளில் வரும் கியரோடு போனால் முட்டிதான் போகும். கடையில் 'இது போதும்' என்பார்கள், இன்னும் ஒரு படி சின்ன கியர் கேளுங்கள்.

டயர் 45 முதல் 55 மில்லிமீட்டர் அகலம், காற்று கொஞ்சம் குறைவாக. கீழே நிரப்பிய காற்று மேலே போனால் இறுகும். கடல்மட்டத்திலிருந்து 4000 மீட்டருக்குப் போனால் வெளி அழுத்தம் குறைவதால் மட்டும் டயர் அழுத்தம் சுமார் 6 பி.எஸ்.ஐ. கூடிவிடும், குளிரில் அதில் ஒரு பகுதி குறையும். ஜல்லி ரோட்டில் சைக்கிள் திடீரென்று குதிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் காற்றை இறக்கிப் பாருங்கள்.

பிரேக் டிஸ்க் ஆக இருப்பது நல்லது. ரிம் பிரேக் என்றால் நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும், நடுநடுவே நின்று ஆறவிட வேண்டும். எந்த வகையானாலும் பிடித்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிடுவதுதான் முறை. உபரிச் சாமானில் பிரேக் பேட் இரண்டு ஜோடி, செயின் இணைப்பு, ஆரக்கம்பி, கியர் மாற்றும் பின் டெரெய்லர் தொங்கும் அந்தச் சின்ன ஹேங்கர், இவை கட்டாயம். ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம், மலை ஊரில் உங்களுடையது கிடைக்காது.

குளிர், தண்ணீர், வெயில்

1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஏறும்போது தெரியாது, வியர்த்துக் கொட்டும். கணவாயில் நின்று படம் எடுத்துவிட்டு அந்த ஈரச் சட்டையோடு இறங்கினால் பத்தே நிமிடத்தில் விரல் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும். அதனால் உச்சியில் முதல் வேலை சட்டையை மாற்றுவது, கையுறை போடுவது, படம் அப்புறம். புற ஊதாக் கதிர் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர்கிறதே என்று ஏமாந்து மூக்கும் உதடும் வெந்துபோகிறவர்கள் நிறையப் பேர். பனி கிடந்தால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகக் கூடாது.

4000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பருப்பு வேகும் என்று காத்திருந்தால் எரிபொருள்தான் தீரும், சீக்கிரம் வேகிறதை மட்டும் கொண்டுபோங்கள். குடிக்கும் தண்ணீரை அந்த உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். நுண்குழாய் வடிகட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு முறை நனைந்த வடிகட்டி உறைந்துவிட்டால் உள்ளே வெடித்துப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வந்துகொண்டே இருக்கும். ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள், போனையும் பவர் பேங்கையும் சேர்த்து. கேஸ் குப்பிக்கும் அங்கேயே இடம் கொடுங்கள். வெறும் பியூட்டேன் உறைநிலை அருகில் ஆவியாகாமல் சோம்பிக் கிடக்கும், புரொப்பேன் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

மேய்ச்சல் நிலத்தில் நாய்கள் வரும். ஓட்டித் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும், ஏற்றத்தில் எப்படியும் அவைதான் ஜெயிக்கும். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, மந்தையைச் சுற்றி விலகி நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

முதல் பயணத்துக்கு ஒரு மாதிரி

ஆறு நாள் போதும். முதல் இரவு 2400 மீட்டர். இரண்டாம் இரவு 2900. மூன்றாம் நாள் சாமானைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சைக்கிளில் 3500 வரை ஏறிப் பார்த்துவிட்டு அதே 2900க்குத் திரும்பித் தூங்குங்கள். இந்த நாளை வீண் என்று வெட்டிவிடத் தோன்றும், வெட்டாதீர்கள். நான்காம் இரவு 3300இல் கணவாய்க்குக் கீழே முகாம். ஐந்தாம் நாள் 4000 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் உள்ள கணவாயைக் காலையில் கடந்து, மறுபக்கம் 3000க்குக் கீழே இறங்கித் தங்குவது. ஆறாம் நாள் மெதுவாக ஊருக்கு.

இதற்கு மேல் இரண்டு நாளுக்கான சாப்பாடும் விடுமுறையும் கையில் வையுங்கள். திரும்பும் தேதியை வீட்டில் சொல்லும்போது அந்த இரண்டு நாளையும் சேர்த்தே சொல்லுங்கள், எந்தக் கணவாய் வழியாக என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் காலை கூடாரத்தைத் திறக்கும்போதே மேகம் கணவாயை மூடியிருந்தால், அடுப்பை மூட்டி டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி படுத்துவிட வேண்டியதுதான்.